நெஞ்சோடு கட்டிய பிள்ளை: கங்காரு பராமரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழ்க் குடும்பங்களில் யாருக்காவது குறைமாதத்தில் பிள்ளை பிறந்துவிட்டால், யாரோ ஒருவர் என் போன் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். என் மகள் 31 வாரத்தில், 1,420 கிராமில் பிறந்தவள். ஏழு வாரம் அவளை நெஞ்சில் கட்டிக்கொண்டே திரிந்தேன். அதுதான் என் தகுதி. நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. வாரத்தில் ஒருநாள் கங்காரு வார்டில் போய் உட்கார்ந்து, புதுத் தாய்மார்களுக்குத் துணி கட்டக் காட்டிக்கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் ஆயா (இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்பதும், ஜோகன்னஸ்பர்க்கில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி கேட்பதும், திருநெல்வேலியிலிருந்து வீடியோ காலில் மாமியார் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் எழுதி வைத்துவிட்டேன். உங்கள் பிள்ளையைப் பார்க்கும் டாக்டர் இதற்கு மாறாக ஏதாவது சொன்னால், அவர் பேச்சைக் கேளுங்கள்.

"கங்காருன்னா என்னக்கா? பிள்ளையைப் பையில போட்டுக்கிறதா?"

பை எதுவும் கிடையாது. பிள்ளைக்கு ஒரு நாப்கின், ஒரு குல்லா, காலுறை. மற்றபடி வெற்றுடம்பு. அப்படியே உங்கள் வெற்று மார்பில், இரண்டு மார்பகங்களுக்கும் நடுவே நிமிர்த்தி வைத்து, ஒரு துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்வது. மேலே சட்டையோ நைட்டியோ போட்டுக்கொள்ளலாம். கங்காருக் குட்டி ஒரு மொச்சைக்கொட்டை அளவில் பிறந்து தாயின் வயிற்றுப் பைக்குள்ளேயே வளர்கிறது அல்லவா, அதனால் வந்த பெயர்.

37 வாரம் முடியுமுன் பிறந்த பிள்ளைகளுக்கும், 2,500 கிராமுக்குக் குறைவான எடையில் பிறந்த பிள்ளைகளுக்கும் இதைச் செய்கிறார்கள். தோலோடு தோல் வைப்பதோடு தாய்ப்பால் கொடுப்பதும், பிள்ளை தேறியதும் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பி அடிக்கடி வரவழைத்துப் பார்ப்பதும் சேர்ந்ததுதான் கங்காரு தாய் பராமரிப்பு, சுருக்கமாகக் கங்காரு பராமரிப்பு.

"இன்குபேட்டர் வாங்க வழியில்லாத ஆஸ்பத்திரிக்காரங்க கண்டுபிடிச்சதுதானே? நாங்க மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கட்டுறோமே, எங்களுக்கு எதுக்கு?"

தொடங்கிய கதை அதுதான். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில், எட்கர் ரே என்ற குழந்தை மருத்துவர் ஆரம்பித்தார். இன்குபேட்டர் போதாமல் ஒன்றுக்குள் இரண்டு மூன்று பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்தார்கள். தொற்று பரவிப் பிள்ளைகள் இறந்தன. வேறு வழியில்லாமல்தான் பிள்ளையைத் தாயின் மார்பில் கொடுத்தார்.

ஆனால் அப்புறம் நடந்ததையும் பார்க்க வேண்டும். நம் கேப் டவுனிலேயே நில்ஸ் பெர்க்மன் என்ற டாக்டர் பிள்ளைகளை இரு பிரிவாகப் பிரித்துப் பார்த்து 2004-இல் எழுதினார். எல்லாம் 1,200 முதல் 2,199 கிராம் வரை எடையுள்ள பிள்ளைகள். பிறந்த முதல் ஆறு மணி நேரத்தில், இன்குபேட்டரில் இருந்தவர்களைவிடத் தாயின் மார்பில் இருந்தவர்கள் மூச்சிலும் இதயத் துடிப்பிலும் நிதானமாக இருந்தார்கள். 2021-இல் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், 3,211 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. பிறந்தவுடனே கங்காரு தொடங்கிய பிரிவில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12.0 சதவீதம். உடல்நிலை தேறிய பிறகு தொடங்கிய பிரிவில் 15.7 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததும் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு உலக சுகாதார நிறுவனமும், பிறந்த உடனே தொடங்குங்கள் என்று சொல்லிவிட்டது. ஏழைக்கு ஒன்று, பணக்காரருக்கு ஒன்று என்ற பேச்சு இதில் இல்லை.

"என் உடம்புச் சூடு மெஷின் அளவுக்கு வருமா?"

வரும். வயிற்றுப் பிள்ளைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு சேர்வது கடைசி மாதங்களில்தான். முன்னதாகவே வந்துவிட்ட பிள்ளைக்கு அது இல்லை, தோலும் மெல்லிசு. ஈரத் துணி காய்வதுபோலச் சூடு போய்விடும். பிள்ளையின் அக்குள் சூடு 36.5-க்கும் 37.5 டிகிரி செல்சியஸுக்கும் இடையில் இருக்க வேண்டும். மார்பில் வைத்தால் அந்த அளவில் நிற்பதை நீங்களே தெர்மாமீட்டரில் பார்க்கலாம்.

சூட்டோடு முடிவதில்லை. குறைமாதப் பிள்ளைகள் சில சமயம் மூச்சுவிட மறந்துபோகும். உங்கள் நெஞ்சு ஏறி இறங்குவது அதற்கு ஒரு ஞாபகமூட்டல். வார்டுக் கிருமிகளுக்குப் பதில் உங்கள் தோலில் உள்ள நல்ல கிருமிகள் அதன் உடம்பில் குடியேறும். பாலும் நன்றாகச் சுரக்கும்.

"எப்படிக் கட்டுறது? கழுத்து சரிஞ்சு மூச்சு முட்டிடுமோன்னு பயமா இருக்கு."

இந்தப் பயம் இருக்க வேண்டியதுதான். மற்றதில் பிசகினாலும் கழுத்தில் மட்டும் பிசகக் கூடாது. பிள்ளை நிமிர்ந்த நிலையில் இருக்க வேண்டும். தலையை ஒரு பக்கம் திருப்பி, கன்னம் உங்கள் மார்பில் படும்படி வையுங்கள். முகவாய் நெஞ்சில் குத்தக் கூடாது, தலை பின்னாலும் தொங்கக் கூடாது. பூவை மோந்து பார்க்கும்போது முகம் எப்படி லேசாக நிமிரும், அந்த அளவு. மூக்கும் வாயும் எப்போதும் உங்கள் கண்ணில் பட வேண்டும். கால்களைத் தவளைபோல மடக்கி அகற்றி வையுங்கள். கைகளும் மடங்கியிருக்கட்டும்.

துணியின் மேல் விளிம்பு பிள்ளையின் காதுக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். நெஞ்சுப் பகுதியில் இறுக்கம், வயிற்றுப் பகுதியில் தளர்வு. வயிறு அமுங்கினால் மூச்சுவிடச் சிரமப்படும். நீங்கள் எழுந்து நின்றால் பிள்ளை கீழே வழுக்கக் கூடாது, அதுதான் கட்டு சரியா என்பதற்குச் சோதனை. கடையில் விற்கும் விலையுயர்ந்த கேரியர் எதுவும் தேவையில்லை. அம்மாவின் பழைய மெல்லிய பருத்திச் சேலையை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து ஒன்றைக் கட்டிக்கொண்டேன், மற்றதைத் துவைத்துப் போட்டேன். பிரா வேண்டாம்.

இங்குள்ள ஜூலு அம்மாக்கள் கம்பளித் துணியால் முதுகில் பிள்ளை கட்டுவதைத் தெருவில் பார்த்திருப்பீர்கள். எனக்கு முதன்முதலில் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தது வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த அப்படி ஒரு அம்மாதான். முதுகில் நான்கு பிள்ளை கட்டிய கை அது. முன்னால் கட்டுவதைத்தான் அவரும் புதிதாகக் கற்றுக்கொண்டிருந்தார்.

"அரை மணி நேரம் வெச்சா போதும்னு சொல்றாங்களே?"

போதாது. ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம், எவ்வளவு முடியுமோ அவ்வளவு என்பதுதான் இப்போதைய கணக்கு. ஒருமுறை வைத்தால் குறைந்தது ஒரு மணி நேரமாவது எடுக்காதீர்கள். எடுத்து மாற்றுவதே இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு களைப்பு. இப்போதுதான் அசந்து தூங்கியிருக்கும், அதற்குள் எழுப்பியதுபோல ஆகிவிடும்.

என் மகள் பிறந்த இடத்தில் முதல் நான்கு நாள் என்னைப் "பார்வை நேரத்துக்கு வாங்க" என்றார்கள். பெற்றவளுக்குப் பார்வை நேரம்! ஐந்தாம் நாள், "நான் பார்க்க வரவில்லை, மருந்தாக வந்திருக்கிறேன்" என்று அழுதுகொண்டே சொன்னேன். சண்டை போடத் தேவையில்லை, ஆனால் கேட்காமலும் இருக்காதீர்கள். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இதற்கென்றே கங்காரு வார்டு வைத்து, தாயையும் கூடவே தங்க வைக்கிறார்கள்.

"மூக்குல ஆக்சிஜன் குழாய் இருக்கு, கையில ட்ரிப் இருக்கு. தொடலாமா?"

குழாய் இருப்பதாலேயே கூடாது என்றில்லை. மூக்குவழி ஆக்சிஜன், மூக்குவழி உணவுக் குழாய், ட்ரிப் எல்லாவற்றோடும் வைக்கலாம். மூச்சுக்கு அழுத்தம் கொடுக்கும் கருவியோடும் வைக்கிறார்கள். குழாய்களைப் பிடித்து மாற்றிக் கொடுக்க ஒரு நர்ஸ் கூட வேண்டும், அவ்வளவுதான். தானாக மூச்சுவிடவே முடியாத பிள்ளை, இரத்த ஓட்டம் குலைந்த பிள்ளை, அறுவைக்குப் போகும் பிள்ளை என்றால் டாக்டர் பொறுக்கச் சொல்வார். அப்போதும் "எப்போது தொடங்கலாம்?" என்று தினமும் கேளுங்கள்.

"எனக்கு சிசேரியன். தையல் மேல பிள்ளை படுமே?"

படாது, பிள்ளை மார்பில்தான் இருக்கும். சாய்ந்து உட்கார முடிந்தால் போதும்.

"தாய் பராமரிப்புன்னு சொல்றீங்க. அப்ப அப்பா செய்யக் கூடாதா? ஆயா?"

செய்யலாம், செய்ய வேண்டும். மேலே சொன்ன மணிக்கணக்கைப் பார்த்தீர்கள் அல்லவா, ஒருத்தியால் எப்படி முடியும்? அவளும் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், பால் பீய்ச்ச வேண்டும். அப்பாவின் நெஞ்சிலும் சூடு அதேதான். நெஞ்சு முடி ஒரு தடை இல்லை. சிகரெட் தடை. புகைக்கிறவர் குளித்து வேறு சட்டை போட்டாலும் முழுதாகப் போய்விடாது. விட்டுவிடுங்கள் என்பதைத் தவிர வேறு நல்ல பதில் என்னிடம் இல்லை. சளி, காய்ச்சல், தோலில் புண் உள்ளவர்கள் ஆறும்வரை தள்ளி இருக்கட்டும்.

டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் ஒரு தாத்தா, தினமும் மத்தியானம் 2 முதல் 4 வரை என் முறை என்று சட்டையைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பார். அந்த இரண்டு மணி நேரம் அவர் மருமகள் தூங்குவாள். உதவி என்றால் அது. பிள்ளையை வாங்கிக்கொண்டு கொஞ்சிவிட்டுத் தாயைச் சமைக்க அனுப்புவது உதவி இல்லை. சமையலையும் துணியையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளை அவளிடம் இருக்கட்டும்.

"இன்னும் 16 நாள் தீட்டு கழியலை. ஆம்பளைங்க தொடலாமா? ஆயா ஒத்துக்க மாட்டேங்குறாங்க."

1860-இலிருந்து இங்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் மொழி போன பிறகும் "ஆயா" என்ற சொல்லும் பதினாறாம் நாள் சடங்கும் போகவில்லை. அதை நான் குறைவாகப் பேச மாட்டேன். ஆனால் அந்த வழக்கத்தின் பலனை யோசித்துப் பாருங்கள்: தாயும் பிள்ளையும் தனியாக, கூட்டம் இல்லாமல், கிருமி இல்லாமல், ஒன்றாக இருக்கிறார்கள். கங்காருவும் அதையேதான் கேட்கிறது. ஆயாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். விருந்தாளிகளை நிறுத்திவைக்க அவரைவிடச் சிறந்த காவல் கிடைக்காது. அப்பா தொடுவதற்கு மட்டும் விலக்கு வாங்கிவிடுங்கள். பெயர் சூட்டும் சடங்கைப் பிள்ளை வீட்டுக்கு வந்தபின் வைத்துக்கொண்டால் சாமி கோபிக்காது.

"பால் சொட்டுதான் வருது, பிள்ளைக்கும் உறிஞ்சத் தெரியலை. பவுடர் பால் கொடுத்துடலாமா?"

உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடுவதை ஒழுங்காகச் சேர்த்துச் செய்யப் பிள்ளைக்குக் கர்ப்பக் கணக்கில் ஏறக்குறைய 32 முதல் 34 வாரம் ஆக வேண்டும். அதுவரை குழாய் வழியாகவோ சிறு கோப்பையாலோ கொடுப்பார்கள். முதல் நாட்களின் சீம்பால் ஒரு டீஸ்பூன் வந்தாலும் வீணாக்காதீர்கள், இந்தப் பிள்ளையின் வயிறும் அவ்வளவுதான். ஒரு நாளைக்கு எட்டு முறையாவது, ராத்திரி ஒருமுறை உட்பட, பீய்ச்சுங்கள். பிள்ளை மார்பில் இருக்கும்போதோ இறக்கிய உடனேயோ பீய்ச்சினால் அதிகம் வரும்.

இங்கே மருந்துக் கோப்பையில் புகட்டக் காட்டிக்கொடுப்பார்கள். நான் அம்மாவிடம் சொல்லி ஊரிலிருந்து பாலாடை (பால் புகட்டும் சங்கு) கொண்டுவரச் செய்தேன். நர்ஸ்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். இந்திய மருத்துவமனைகளிலும் குறைமாதப் பிள்ளைகளுக்குப் பாலாடைதான். ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டு எடுங்கள், பிள்ளையை நிமிர்த்திவைத்துக் கொடுங்கள், வாயில் ஊற்றாதீர்கள். அதுவாக நக்கி எடுக்கட்டும்.

உங்கள் பால் எவ்வளவு முயன்றும் போதவில்லை என்றால், பவுடருக்கு முன் தாய்ப்பால் வங்கி பற்றிக் கேளுங்கள். டர்பனிலேயே உண்டு. கொடுப்பவர்களைச் சோதித்து, பாலைச் சூடாக்கிப் பதப்படுத்தித்தான் தருகிறார்கள்.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. என் தோல் பிள்ளை மேல படலாமா?"

தணிந்த குரலில் கேட்கப்படும் கேள்வி இது, அதனால் உரக்கவே சொல்கிறேன்: படலாம். தோல் படுவதால் அது தொற்றாது. உங்கள் மாத்திரைகளையும், பிள்ளைக்குக் கொடுக்கும் தடுப்பு மருந்தையும் ஒருநாளும் விடாதீர்கள். தாய்ப்பாலும் கொடுக்கலாம் என்பதுதான் இந்த நாட்டின் நடைமுறை. உங்கள் இரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து கிளினிக்கில் வழி சொல்வார்கள்.

"எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, உரை மருந்து கொடுத்தா சீக்கிரம் தேறும்னு அத்தை சொல்றாங்க."

அத்தையிடம் மூன்றையும் தனித்தனியாகப் பேசுங்கள். எண்ணெய்: கொஞ்சம் தேங்காய் எண்ணெயை இதமாகத் தடவ டாக்டர் சரி என்றால் சரி. காதிலும் மூக்கிலும் விடுவது, மூக்கைப் பிடித்து நீவுவது, தொக்கம் எடுப்பது கூடவே கூடாது. குளியல்: எடை ஏறும்வரை துடைத்துவிட்டால் போதும். சாம்பிராணி: புகை எதுவாக இருந்தாலும் இந்த நுரையீரலுக்கு ஆகாது. பவுடரும் அப்படித்தான்.

உரை மருந்து, வசம்பு, தேன், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். பால் மட்டும், டாக்டர் எழுதும் இரும்புச்சத்து, வைட்டமின் சொட்டு மட்டும். திருஷ்டி மை வைத்தே ஆக வேண்டும் என்றால் குல்லாவில் வைத்துவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் சமாதானமானோம்.

"ஜூலை மாசக் குளிர்ல ஜோகன்னஸ்பர்க்ல துணியில்லாம எப்படி? கரண்ட் போயிட்டா வேற?"

குளிரில்தான் இது அதிகம் தேவை. பிள்ளையின் முதுகுப்புறம் கம்பளி, தலையில் குல்லா, உங்கள் மேல் ஒரு பெரிய ஸ்வெட்டர். உள்ளே தோலோடு தோல். ஹீட்டர் நின்றுபோனாலும் உங்கள் நெஞ்சுக்கு கரண்ட் தேவையில்லை. கரி அடுப்பை அறைக்குள் வைக்காதீர்கள், அந்தப் புகை ஆளைக் கொல்லும். டர்பன் ஜனவரிப் புழுக்கத்தில் போர்வையைக் குறையுங்கள், காற்று நேராகப் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"கட்டிக்கிட்டே தூங்கலாமா? கவுந்து படுத்துட்டா?"

கட்டு சரியாக இருந்தால் தூங்கலாம். மல்லாந்து தட்டையாக வேண்டாம். தலையணைகளை அடுக்கிப் பாதி சாய்ந்த நிலையில் படுங்கள். சோபாவில் வேண்டவே வேண்டாம், இடுக்கில் சரிந்துவிடும். மயக்கம் தரும் மாத்திரை சாப்பிட்டிருந்தால் அன்றைக்கு வேறொருவர் முறை.

"எனக்கு இரட்டை. யாரை முதல்ல வைக்கிறது?"

இரண்டையும் சேர்த்தே வைக்கலாம், ஒவ்வொரு பக்கம் ஒன்று. பாரம் தாங்கவில்லை என்றால் உங்களிடம் ஒன்று, அப்பாவிடம் ஒன்று, அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகும்போது கார்லயும் நெஞ்சுல கட்டிக்கிட்டே போகலாமில்ல?"

கூடாது. நடக்கலாம், வீட்டு வேலை செய்யலாம், கடைக்குப் போகலாம், ஆனால் காரில் மட்டும் இறக்கிவிட வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் காரில் குழந்தை இருக்கை வேண்டும் என்பது இங்கு 2015 முதல் சட்டம். திடீரென்று பிரேக் போட்டால் துணிக்கட்டு தாங்காது, உங்கள் எடையே பிள்ளையை நசுக்கிவிடும். பின்னோக்கிய இருக்கையில் வைத்து, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, முகவாய் நெஞ்சில் சரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள். கழுத்து விஷயம் மேலே சொன்னதேதான். நீண்ட பயணம் என்றால் நடுவில் நிறுத்தி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"இவ்வளவு பண்ணியும் எடை ஏற மாட்டேங்குதே?"

முதல் வாரம் எல்லாப் பிள்ளைக்கும் எடை இறங்கும். பிறந்த எடைக்குத் திரும்பக் குறைமாதப் பிள்ளைக்கு இரண்டு வாரம்வரை ஆகலாம். அதற்குப் பிறகு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 15 கிராம் என்று எதிர்பார்ப்பார்கள். 1,500 கிராம் பிள்ளைக்கு அது 20, 25 கிராம், ஒரு கைப்பிடி கடலை. ஒரே தராசில், ஒரே நேரத்தில் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும். நான்கைந்து நாள் அசையவே இல்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். பால் அளவோ வேறேதோ காரணம் இருக்கும்.

"வீட்டுக்கு வந்தப்புறம் எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?"

பால் குடிக்க மறுத்தால், தொட்டாலும் எழாமல் துவண்டு கிடந்தால், சூடு மேலே சொன்ன அளவுக்குக் கீழே இறங்கி ஒரு மணி நேரம் கட்டிவைத்தும் ஏறாவிட்டால், அல்லது 37.5-ஐத் தாண்டினால் ஓடுங்கள். நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினாலும், விலா உள்ளே இழுத்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், மூச்சு நின்று நின்று வந்தாலும், வலிப்பு வந்தாலும் வெளிச்சம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூச்சு நின்றுபோனால் பாதத்தையும் முதுகையும் தேய்த்துக்கொண்டே உதவிக்குக் கூப்பிடுங்கள். போகும் வழியிலும் பிள்ளை குளிரக் கூடாது.

மஞ்சள் நிறம் உள்ளங்கை, உள்ளங்காலுக்கு இறங்கினால் அன்றே காட்டுங்கள். "காலை வெயிலில் காட்டினால் போய்விடும்" என்பதை நம்பி நாட்களை விடாதீர்கள். குறைமாதப் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை குறைந்த அளவிலேயே மூளையைப் பாதிக்கும்.

"ரெண்டு மாசம் முன்னாடியே பிறந்துட்டா. தடுப்பூசிக்கு எந்த வயசைக் கணக்குல எடுக்கிறது?"

தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான். ஆறு வாரம், பத்து வாரம், பதினான்கு வாரம் எல்லாம் பிறந்த நாளிலிருந்து. குப்புற விழுவது, உட்காருவது, பேசுவது இவற்றுக்கு மட்டும் பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள். இரண்டு வயதுவரை இப்படி இரட்டைக் கணக்கு ஓடும். கிளினிக் கொடுக்கும் புத்தகத்தில் இரண்டு தேதிகளையும் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். 1,500 கிராமுக்குக் குறைந்த பிள்ளைக்கும், 32 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கும் பிறந்த 4 முதல் 6 வாரத்துக்குள் கண் விழித்திரைப் பரிசோதனை உண்டு. எடுத்துச் சொல்லும் ஆள் இல்லாமல் விட்டுப்போவது அதிகம், நீங்களே கேளுங்கள்.

"எல்லாரும் பாசம் பொங்குதான்னு கேக்குறாங்க. எனக்குப் பயம் மட்டும்தான்க்கா வருது."

எனக்கும் அப்படித்தான். மூன்றாம் நாள் கண்ணாடிக்குள் அவளைப் பார்த்தபோது, இது யாரோ என்று தோன்றியது. கட்டிக்கொண்டதும் சினிமாவில் வருவதுபோல எதுவும் நடக்கவில்லை. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, பாத்ரூமுக்குப் போக அவளை இறக்கிவைத்தபோது நெஞ்சு குளிர்ந்தது. அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை நிற்காமல், தூக்கம் சாப்பாடு இல்லாமல், உயிர்மேல் வெறுப்பு வந்தால் அது வேறு. பிள்ளைக்கு டாக்டர் இருப்பதுபோல உங்களுக்கும் டாக்டர் வேண்டும். அதைக் கணவரிடமும் நர்ஸிடமும் சொல்லிவிடுங்கள்.

"எப்போ நிறுத்துறது?"

சுமார் 2,500 கிராம், அல்லது பிறந்திருக்க வேண்டிய தேதி என்று சொல்வார்கள். உண்மையில் தேதி குறிப்பது பிள்ளைதான். என் மகள் 2,450 கிராம் இருக்கும்போது ஒரு மத்தியானம் துணிக்குள்ளிருந்து முதலில் ஒரு கையை வெளியே எடுத்தாள், உள்ளே வைத்தேன். மறுபடி எடுத்தாள். அப்புறம் காலை உதைத்து, முகம் சிவக்கக் கத்தினாள். முடிச்சை அவிழ்த்துத் தொட்டிலில் போட்டேன். தூங்கிவிட்டாள். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.